மஞ்சள் மோட்டார் ரோபோ கிட்: மூன்று வருஷம் ஓட்டிய பிறகு

வாங்கலாமா என்று கேட்பவர்களுக்கு முதலிலேயே பதில் சொல்லிவிடுகிறேன். வாங்கலாம். ஆனால் எதை முதலில் மாற்றுவது, எதைக் கடைசிக்கு வைப்பது என்று தெரிந்துகொண்டு வாங்குங்கள். நான் மூளையிலிருந்து, அதாவது புரோகிராம் ஓடும் போர்டிலிருந்து தொடங்கினேன். தொடங்க வேண்டியது பேட்டரியிலிருந்து. அந்த ஒரு விஷயம் புரிவதற்கே எனக்கு ஆறு மாதம் ஆனது.

கிட் வந்தது என் அண்ணன் பையனுக்காக. அக்ரிலிக் தட்டு ஒன்று, மஞ்சள் கியர் மோட்டார் இரண்டு, 65 மி.மீ. சக்கரம் இரண்டு, முன்னால் காஸ்டர் என்கிற சின்னத் திரும்பும் சக்கரம் ஒன்று, நாலு பென்சில் செல் போடும் பெட்டி, மோட்டாருக்குக் கரண்ட் அனுப்பும் சிவப்பு நிற எல்298என் டிரைவர் போர்டு, புரோகிராம் ஏற்றி ஓட்டும் ஆர்டுயினோ ஊனோ மாதிரியான ஒரு போர்டு, எதிரொலியால் தூரம் அளக்கும் இரண்டு கண் வைத்த அல்ட்ராசோனிக் சென்சார், ஒரு பை ஸ்க்ரூ. ரோபோவில் கை வைத்தவர்கள் எல்லாரும் இதே பெட்டியை ஏதாவது ஒரு பெயரில் பார்த்திருப்பீர்கள். ஒரே சாயங்காலத்தில் பூட்டி முடித்துத் தரையில் விட்டான். இடது பக்கமாக வளைந்து போய்க் கதவு நிலையில் முட்டியது. திருப்பி வைத்து விட்டான், மறுபடியும் அதே வளைவு. "அத்தை, இது நேரா போகவே மாட்டேங்குது." மூன்றாவது நாள் வண்டி அலமாரி மேலே ஏறிவிட்டது. ஒரு மாதம் கழித்து தூசி தட்டி நான் எடுத்தேன். அன்றிலிருந்து அதற்கு வண்டு என்று பெயர்.

நான் ஒரு கல்லூரியின் இயற்பியல் ஆய்வகத்தில் வேலை பார்க்கிறேன். மல்டிமீட்டரும் சாலிடரிங் அயர்னும் எனக்குத் தினசரிப் பழக்கம். கோட் எழுதுவது அப்படி இல்லை, அதை இந்த வண்டியில்தான் கற்றுக்கொண்டேன். இந்த விமர்சனத்தில் கரண்ட் பற்றிப் பேச்சு கொஞ்சம் அதிகமாக இருந்தால் காரணம் அதுதான்.

தட்டைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். அக்ரிலிக் பார்க்க அழகு, ஆனால் இறுக்கினால் விரிசல் விடும். மோட்டாரைப் பிடித்து நிற்கும் 'டி' வடிவத் துண்டுகள்தான் முதலில் போகும். அவற்றின் வழியாகப் போகும் நீள ஸ்க்ரூவை விரல் பலத்துக்கு மேல் முறுக்காதீர்கள், நட்டுக்கு அடியில் ஒரு வாஷர் போடுங்கள். மேலே ஒட்டியிருக்கும் பழுப்புக் காகிதத்தை உரிக்காமலே பூட்டினால், காகிதத்தின் கனம் சேர்ந்து துண்டு துளைக்குள் நுழையாது, அழுத்தும்போது உடையும். எங்களுக்கு அப்படி ஒன்று உடைந்தது. இப்போது அந்த இடத்தில் அலுமினிய எல் பட்டை இருக்கிறது, அசைவே இல்லை.

இனி மோட்டார். பல் விகிதம் 1:48, 3 முதல் 6 வோல்ட் வரை ஓடும், உள்ளே இருக்கும் கியர் எல்லாம் பிளாஸ்டிக். விலைக்கு இதைவிட நல்ல மோட்டார் கிடையாது என்பது என் உறுதியான அபிப்பிராயம். அதன் பெரிய குறை, ஒன்று மாதிரி இன்னொன்று இருக்காது. ஒரே பெட்டியில் வந்த இரண்டையும் ஒரே 5 வோல்ட்டில் ஓட்டி, சக்கரத்தில் வெள்ளைக் கோடு போட்டு ஒரு நிமிஷம் எண்ணினேன். இடது மோட்டார் வலதைவிட நிமிஷத்துக்கு 14 சுற்று குறைவு. பையனின் வண்டி இடது பக்கம் வளைந்ததற்கு அவன் பூட்டியதில் ஒரு தப்பும் இல்லை. மெதுவாகச் சுற்றுகிற பக்கமாக வண்டி திரும்பும், அவ்வளவுதான். அன்றைக்கே இதை அவனுக்குச் சொல்லத் தெரிந்திருந்தால் வண்டி அலமாரிக்குப் போயிருக்காது. அந்த வருத்தம் எனக்கு இன்னும் இருக்கிறது.

வளைவு ஒரு பக்கம் இருக்கட்டும். அதைவிட மோசமான தொல்லை ஒன்று இருந்தது. சுவரைப் பார்த்ததும் வண்டு நின்று, பின்னால் வந்து, திரும்ப வேண்டும். நிற்கும். பின்னால் வரத் தொடங்கிய அந்த நொடியில் ஊனோவின் விளக்கு ஒருமுறை அணைந்து எரியும். பிறகு ஒன்றுமே நடக்காதது போல மறுபடி முன்னால் கிளம்பிச் சுவரில் முட்டும். புரோகிராம் முதலிலிருந்து தொடங்குகிறது என்பது புரிந்தது. போர்டுக்கு வலு பற்றவில்லை என்று நினைத்து ஈ.எஸ்.பி.32 போர்டு வாங்கினேன். இரண்டு கோர், 240 மெகாஹெர்ட்ஸ், வைஃபை, புளூடூத் எல்லாம் உள்ளது. ஊனோவில் இருக்கும் ஏ.டி.மெகா328 சில்லுக்கு 16 மெகாஹெர்ட்ஸ்தான், ராம் வெறும் 2 கிலோபைட். இந்த வித்தியாசத்தைப் பார்த்தால் யாருக்கும் அப்படித்தான் தோன்றும்.

மாற்றி மாட்டினேன். வண்டி நகரவே இல்லை. போர்டு அனுப்பும் செய்திகளைக் காட்டும் சீரியல் மானிட்டரைத் திறந்தால் 'பிரவுன்அவுட் டிடெக்டர் டிரிகர்டு' என்ற ஒரே வரி திரும்பத் திரும்ப ஓடிக்கொண்டிருந்தது. வோல்டேஜ் வேண்டிய அளவுக்குக் கீழே இறங்கிவிட்டது என்று சில்லே சொல்கிறது. ஊனோவும் இத்தனை நாள் அதையேதான் சொல்லியிருக்கிறது, அதற்கு வாய் இல்லை. புது போர்டைக் கழற்றி டப்பாவில் வைத்துவிட்டு மல்டிமீட்டரை எடுத்தேன். என் உண்மையான அப்கிரேடு அந்த ராத்திரிதான் ஆரம்பித்தது.

அளந்ததை அப்படியே எழுதுகிறேன். நாலு புது செல், சும்மா இருக்கும்போது 6.3 வோல்ட். இரண்டு மோட்டாரும் ஓடும்போது 5.6. டிரைவர் போர்டின் மோட்டார் முனையில் 4.1. வழியில் ஒன்றரை வோல்ட் காணாமல் போகிறது. எல்298என் பழைய வகைச் சில்லு, உள்ளே இருப்பவை பைபோலார் டிரான்சிஸ்டர்கள். 1 ஆம்பியர் போகும்போது மொத்தம் குறைந்தது 1.8 வோல்ட் விழும் என்று டேட்டாஷீட்டிலேயே போட்டிருக்கிறது, 2 ஆம்பியரில் 4.9 வரைகூடப் போகலாம். 24 வோல்ட் மோட்டாரில் ஒன்றரை வோல்ட் போனால் யாருக்கும் தெரியாது. 6 வோல்ட்டில் ஓடும் வண்டிக்கு அது கால்வாசிச் சாப்பாடு. இன்னொன்றும் உண்டு. ஊனோவுக்கு வேண்டிய 5 வோல்ட்டை அதே டிரைவர் போர்டில் இருக்கும் ரெகுலேட்டரிலிருந்து எடுக்கும்படிதான் கிட்டின் படத்தில் போட்டிருந்தது. 5 வோல்ட் வெளியே வர அந்த ரெகுலேட்டருக்கு உள்ளே 7 வோல்ட்டாவது போக வேண்டும். 5.6 கொடுத்தால் 4 சொச்சம்தான் வரும். மோட்டார் முன்னோக்கிச் சுற்றிக்கொண்டிருக்கும்போதே பின்னோக்கித் திருப்பினால், அது அடைபட்டு நிற்கும்போது இழுக்கிற கரண்டையும்விட அதிகமாக ஒரு கணம் இழுக்கும். அந்தக் கணத்தில் ஊனோ 2.7 வோல்ட்டுக்குக் கீழே இறங்கி ரீசெட் ஆகிறது.

எந்தப் பாகமும் கெட்டுப்போனதல்ல. சேர்த்து வைத்த விதம்தான் தப்பு. கிட் விற்பவர்கள் மீது எனக்கு இருக்கும் ஒரே உண்மையான குறை இது. நாலு செல் பெட்டியையும் இந்த டிரைவரையும் ஒரே பெட்டியில் போட்டு, ஒன்றோடொன்று இணைக்கச் சொல்லிப் படமும் கொடுக்கிறார்கள். படத்தைப் பார்த்துப் பூட்டுகிற பிள்ளை தோற்றுப்போனது தான்தான் என்று நினைத்துக்கொள்கிறது.

முதலில் பேட்டரியை மாற்றினேன். 18650 லித்தியம் செல் இரண்டு, ஒன்றன்பின் ஒன்றாக. பெயரிலேயே அளவு இருக்கிறது, விட்டம் 18 மி.மீ., நீளம் 65 மி.மீ. ஒன்று 3.7 வோல்ட், முழுச் சார்ஜில் 4.2. இரண்டு சேர்ந்தால் 7.4 முதல் 8.4 வரை. இதை வாங்கும்போது ஏமாறாதீர்கள். நான் முதலில் வாங்கிய செல்லின் உறையில் 9900 மில்லியாம்ப் மணி என்று அச்சடித்திருந்தது. இந்த அளவுள்ள செல்லில் நேர்மையாக அடைக்கக்கூடியது 3500க்குப் பக்கம்தான். ஆய்வகத் தராசில் வைத்தேன், 31 கிராம். நல்ல செல் 45 கிராமுக்குக் குறையாது. வாங்கிய இடத்தில் திருப்பிக் கொடுத்துவிட்டு வேறு வாங்கினேன். பழைய லேப்டாப்பிலிருந்து பிரித்தெடுத்த செல்லை வைத்து ஓட்டுபவர்களும் உண்டு. பிள்ளைகள் கை வைக்கிற வண்டியில் அதைச் செய்யாதீர்கள். பாதுகாப்பு போர்டு கட்டாயம் போடுங்கள், லித்தியத்துக்கென்றே உள்ள சார்ஜரில் மட்டும் ஏற்றுங்கள், செல் 3 வோல்ட்டுக்குக் கீழே இறங்க விடாதீர்கள். சதுரமான 9 வோல்ட் பேட்டரியை மோட்டாருக்குக் கொடுக்கவே வேண்டாம். வோல்ட் அதிகம் என்று தோன்றும், ஆனால் அதன் உள்தடை மிக அதிகம், மோட்டார் இழுத்ததும் படுத்துவிடும்.

மூளைக்குத் தனியாக ஒரு பக் கன்வர்ட்டர் (வோல்ட்டைக் குறைத்துக் கொடுக்கும் சின்ன போர்டு) வைத்தேன், எல்.எம்.2596 சில்லு உள்ளது. மோட்டார் எவ்வளவு இழுத்தாலும் 5 வோல்ட் அசையவில்லை. அதன் நீலத் திருகை வோல்ட்மீட்டர் வைத்து 5.0க்குத் திருகிவிட்டு, அதன் பிறகே போர்டை இணைக்க வேண்டும். புதிதாக வரும்போது அது எத்தனை வோல்ட்டில் இருக்கும் என்று நிச்சயமே இல்லை. கிரவுண்ட் (மைனஸ்) வயரை மட்டும் எல்லாவற்றுக்கும் பொதுவாகச் சேர்க்க மறக்காதீர்கள்.

பேட்டரியோடு சேர்த்து இன்னொரு வேலையும் செய்தேன். மோட்டாரின் இரண்டு முனைக்கும் நடுவே 104 என்று எழுதிய சின்ன செராமிக் கெப்பாசிட்டர் வைக்க வேண்டும், 100 நானோஃபாரட். பிரஷ் உரசும்போது கிளம்பும் தீப்பொறியின் மின் இரைச்சலை அது விழுங்கிவிடும். சொல்ல எளிது, ஆனால் அந்த மஞ்சள் மோட்டாரின் செம்பு நாக்கு காகிதம் மாதிரி மெல்லியது. வயரை ஒரு முறை மடக்கினால் வளையும், மூன்றாவது முறை முறிந்து கையோடு வரும். முதலில் நாக்கின் மேல் துளி ஈயம் பூசி, கெப்பாசிட்டரின் காலுக்கும் ஈயம் பூசி, இரண்டையும் தொட வைத்து, அயர்னை இரண்டு நொடிக்கு மேல் வைக்காமல் எடுத்தேன். நேரம் கூடினால் நாக்கைப் பிடித்திருக்கும் பிளாஸ்டிக் மூடி உருகி, உள்ளே பிரஷ் நகர்ந்துவிடும். பிறகு வயரை மோட்டாரின் உடம்போடு சேர்த்து ஒரு ஜிப் டை போட்டு இறுக்கினேன். வயரை இழுத்தால் அந்த இழுப்பு நாக்குக்குப் போகாது. மூன்று வருஷத்தில் அந்த இரண்டும் முறியவில்லை.

அடுத்தது டிரைவர். தோஷிபாவின் டி.பி.6612 சில்லு உள்ள சின்ன போர்டு, கட்டை விரல் நக அளவை விடக் கொஞ்சம் பெரிது. உள்ளே மாஸ்ஃபெட் வகை டிரான்சிஸ்டர்கள், மொத்தத் தடை அரை ஓம் அளவுதான். கால் ஆம்பியர் போனால் விழுவது 0.12 வோல்ட். அந்தப் பெரிய அலுமினிய ஹீட்சிங்க் தேவையே இல்லை. சேனலுக்கு 1.2 ஆம்பியர் தொடர்ந்து தாங்கும், கணநேரத்துக்கு 3.2. மஞ்சள் மோட்டாருக்கு இது தாராளம். ஆனால் இப்போது 8 வோல்ட் முழுசாக மோட்டாருக்குப் போகும், அது கேட்பது 6. அதனால் பி.டபிள்யூ.எம் மதிப்பை (மின்சாரத்தை விட்டுவிட்டுக் கொடுத்து வேகத்தை அமைக்கும் எண்) 255 வரை விடாமல் 180ல் நிறுத்தினேன். இந்த போர்டில் எஸ்.டி.பி.ஒய். என்று ஒரு பின் உண்டு. அதை 5 வோல்ட்டில் கட்டாவிட்டால் சில்லு தூங்கிக்கொண்டே இருக்கும், எந்த மோட்டாரும் அசையாது. வயர் எல்லாம் சரி, கோட் சரி, வண்டி மட்டும் ஓடவில்லை என்றால் முதலில் அதைப் பாருங்கள்.

இந்த மூன்றும் மாறிய அன்று வண்டு வேறு ஆளாகிவிட்டது. ரீசெட் போய்விட்டது. முன்பு தள்ளிவிட்டால்தான் கிளம்பும் மெதுவான வேகத்தில் இப்போது தானாகக் கிளம்புகிறது. பாய் விளிம்பில் ஏறி இறங்குகிறது. அந்த 180ஐத் தவிர, புதுசாக ஒரு வரி கோட் எழுதவில்லை. பையன் எட்டிப் பார்த்து, "என்ன அத்தை பண்ணீங்க, மோட்டாரை மாத்திட்டீங்களா?" என்று கேட்டான். மோட்டார் அதேதான் என்றதும் நம்பாமல் தூக்கித் திருப்பிப் பார்த்தான்.

மூளை கடைசி என்று நான் இவ்வளவு அழுத்திச் சொல்வதற்கு வரலாற்றிலும் ஆதாரம் உண்டு. பிரிஸ்டலில் பர்டன் நரம்பியல் நிறுவனத்தில் இருந்த வில்லியம் கிரே வால்ட்டர் 1948, 1949 வாக்கில் எல்மர், எல்சி என்று இரண்டு ஆமைகள் செய்தார். மூன்று சக்கரம், வெளிச்சத்தை உணரும் ஒரு போட்டோசெல், முட்டினால் தெரிந்துகொள்ளும் ஓடு. மூளைக்கு இரண்டே இரண்டு ரேடியோ வால்வு. அவை வெளிச்சத்தைத் தேடிப் போயின, முட்டினால் விலகின, பேட்டரி குறைந்தால் விளக்கு எரியும் தங்கள் கூண்டுக்குத் திரும்பிச் சார்ஜ் ஏற்றிக்கொண்டன. கிட்டில் வருகிற ஊனோவின் 2 கிலோபைட் அதற்கு முன்னால் பெரிய சொத்து. அது போதவில்லை என்று நமக்குத் தோன்றினால், அநேகமாக வேறு எங்கேயோ ஏதோ சரியில்லை.

நேராகப் போகும் விஷயத்துக்கு வருகிறேன். கிட்டில் ஓட்டை போட்ட கறுப்பு வட்டுகள் இரண்டு வரும். பலர் அவற்றைத் தூக்கிப் போட்டுவிடுகிறார்கள். வட்டில் 20 ஓட்டை. அது சுற்றும்போது வெளிச்சம் மறைந்து தெரிவதை எண்ணும் சென்சார் தனியாகக் கிடைக்கும், ஊனோவின் 2, 3 பின்களில் இன்டரப்ட் (மற்ற வேலையை நிறுத்திவிட்டு உடனே கவனிக்கும் வசதி) வைத்து எண்ணலாம். 65 மி.மீ. சக்கரத்தின் சுற்றளவு 204 மி.மீ. ஏறும் விளிம்பு, இறங்கும் விளிம்பு இரண்டையும் எண்ணினால் சுற்றுக்கு 40, ஒன்றுக்கு 5.1 மி.மீ. தூரம் அளக்க இது போதும். வேகத்தைக் கட்டுப்படுத்தப் போதாது. சக்கரம் நொடிக்கு ஒரு சுற்று சுற்றினால் 50 மில்லிநொடியில் கிடைப்பது இரண்டே எண்ணிக்கை. ஒன்று தவறினால் பாதி வேகம் என்று கணக்கு வரும். முன்னால் சுற்றுகிறதா பின்னால் சுற்றுகிறதா என்பதும் தெரியாது. ஆனாலும் வலது, இடது இரண்டின் மொத்த எண்ணிக்கையை ஒப்பிட்டு, பின்தங்கிய பக்கத்துக்குக் கொஞ்சம் கூட்டிக் கொடுத்ததிலேயே அந்த இடது வளைவு போய்விட்டது. எட்டு வரி கோட். அலமாரிக்குப் போன வண்டி மூன்று மீட்டர் கூடத்தை நேராகக் கடந்தபோது எனக்குக் கண் கலங்கியது, அதை எழுதாமல் விட மனசில்லை.

இதை முறையாகச் செய்வதுதான் பி.ஐ.டி. 1922ல் நிக்கோலாஸ் மினோர்ஸ்கி கப்பலின் சுக்கானைத் தானாகத் திருப்பும் கணக்கை எழுதினார். தேர்ந்த கப்பலோட்டி இப்போதைய விலகலை மட்டும் பார்ப்பதில்லை, இதுவரை சேர்ந்த விலகலையும் அது மாறும் வேகத்தையும் சேர்த்துப் பார்த்துத் திருப்புகிறார் என்பது அதன் அடிப்படை. ஓயாமல் ஒரு பக்கமே தள்ளுகிற காற்றைச் சமாளிப்பது அந்தச் 'சேர்ந்த விலகல்' பகுதி. என் இடது மோட்டாரின் சோம்பலும் அப்படிப்பட்ட காற்றுதான். அந்த எட்டு வரியில் முதலில் பி (இப்போதைய விலகல்) மட்டும் வைத்தேன், வளைவு பாதியாகக் குறைந்து அங்கேயே நின்றது. ஐ (சேர்ந்த விலகல்) சேர்த்ததும் முழுசாகப் போனது. டி (மாறும் வேகம்) எனக்குத் தேவைப்படவே இல்லை.

இரண்டாவது வருஷம்தான் மோட்டாரை மாற்றினேன். 25 மி.மீ. விட்டமுள்ள உலோகக் கியர் மோட்டார், பின்னால் சுற்றை எண்ணும் காந்த என்கோடர். மோட்டார் அச்சு ஒரு சுற்றுக்கு 11 துடிப்பு, இரண்டு சேனலின் எல்லா விளிம்பையும் எண்ணினால் 44, கியர் 1:34. சக்கரம் ஒரு சுற்று சுற்ற 1496 எண்ணிக்கை. 5 மி.மீ.க்கு ஒன்று என்றிருந்த இடத்தில் 0.14 மி.மீ.க்கு ஒன்று. முன்பு 50 மில்லிநொடியில் இரண்டு வந்த இடத்தில் இப்போது 75 வருகிறது, எறும்பு வேகத்திலும் வண்டு தடுமாறாமல் ஊர்கிறது. எடை கூடும், தட்டில் புதுத் துளை போட வேண்டும், சக்கரத்துக்குத் தனி ஹப் வேண்டும். நெரிபட்டு நின்றால் டிரைவர் சூடாகும் அளவுக்குக் கரண்ட் இழுக்கும் என்பதால், 300 மில்லிநொடி எண்ணிக்கை மாறாவிட்டால் மோட்டாரை அணைத்துவிடும்படி எழுதியிருக்கிறேன். செலவில் பெரியது இதுதான். முதல் வருஷத்திலேயே இதற்குப் போக வேண்டிய அவசியம் யாருக்கும் இல்லை.

இத்தனை வேகமாக வரும் துடிப்பை எண்ணிக்கொண்டே மற்ற வேலையும் செய்ய ஊனோ திணறியது. டப்பாவில் இருந்த ஈ.எஸ்.பி.32 வெளியே வந்தது அப்போதுதான். அதில் துடிப்பு எண்ணுவதற்கென்றே தனி வன்பொருள் இருக்கிறது, புரோகிராமைத் தொந்தரவு செய்யாது. மாற்றும்போது இரண்டு விஷயம் கவனிக்க வேண்டும். இது 3.3 வோல்ட் உலகம். அல்ட்ராசோனிக் சென்சாரின் எக்கோ பின் 5 வோல்ட் அனுப்பும், அதை ஒரு 1 கிலோ ஓம், ஒரு 2 கிலோ ஓம் ரெசிஸ்டர் வைத்துப் பிரித்துத்தான் கொடுக்க வேண்டும். அடுத்தது, 34 முதல் 39 வரையுள்ள பின்கள் உள்வாங்க மட்டுமே, அவற்றில் உள்ளே புல்அப் (பின்னின் வோல்ட்டை மேலே பிடித்து வைக்கும் ரெசிஸ்டர்) கிடையாது. என் என்கோடரை 34, 35ல் மாட்டிவிட்டு இரண்டு நாள் எண்ணிக்கை வராமல் உட்கார்ந்திருந்தேன். வெளியே ஒரு 10 கிலோ ஓம் வைத்ததும் வந்துவிட்டது.

சென்சாரைப் பற்றியும் சொல்ல வேண்டும். அந்த அல்ட்ராசோனிக் சென்சார் 40 கிலோஹெர்ட்ஸ் ஒலியை அனுப்பி எதிரொலி வர ஆகும் நேரத்தை அளக்கிறது, ஒரு சென்டிமீட்டருக்குப் போக வர 58 மைக்ரோநொடி. 2 செ.மீ. முதல் 4 மீட்டர் வரை சொல்லும் என்கிறார்கள். வெறும் சுவருக்கு நேராக நின்றால் இரண்டரை மீட்டர் வரை நான் நம்புவேன். திரைச்சீலை, மெத்தை, சாய்வாக நிற்கும் பலகை மூன்றும் அதன் கண்ணுக்குத் தெரியாது. துணி ஒலியை விழுங்கிவிடும், சாய்ந்த பலகை வேறு பக்கம் திருப்பிவிடும். எதிரொலி வராதபோது, அந்த நேரத்தை அளக்கும் பல்ஸ்இன் கட்டளை ஒரு முழு நொடிவரை காத்திருக்கும், அதற்குள் வண்டி முட்டிவிடும். கட்டளையில் 25,000 மைக்ரோநொடி என்று வரம்பு கொடுத்துவிடுங்கள். ஊனோவில் சென்சார் தலையைத் திருப்ப சர்வோ மோட்டார் வைப்பவர்கள், சர்வோ லைப்ரரி சேர்ந்ததும் 9, 10 பின்களில் பி.டபிள்யூ.எம் வேலை செய்யாது என்பதையும் நினைவில் வையுங்கள். மோட்டார் வேகத்தை அந்தப் பின்னில் வைத்திருந்தால் ஒரு பக்கம் மட்டும் செத்துப்போகும், காரணமே புரியாது.

காஸ்டர்தான் எனக்கு இன்னும் திருப்தி தராத பாகம். கிட்டில் வருகிற திரும்பும் சக்கரம், வண்டி பின்னால் போகும்போது அரை வட்டம் அடித்துத் திரும்பும், அந்த உதையில் வண்டியின் மூக்கு ஓரிரு பாகை நகர்ந்துவிடும். இரும்புக் குண்டு உள்ள காஸ்டருக்கு மாற்றினேன். உதை போனது, ஆனால் குண்டைச் சுற்றித் தலைமுடி சேர்கிறது. மாதம் ஒருமுறை ஊசியால் சுருளை எடுத்தால்தான் உருளும்.

போன மாதம் பையனே வந்து உட்கார்ந்தான். இப்போது பதினான்கு வயது. தரையில் மாஸ்கிங் டேப்பால் ஒரு மீட்டர் பக்கமுள்ள சதுரம் ஒட்டினோம். மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் போரன்ஸ்டைன், ஃபெங் இருவரும் 1990களில் வகுத்த சோதனையின் சின்ன வடிவம் இது, அவர்கள் எடுத்தது 4 மீட்டர் சதுரம். வலமாக ஐந்து முறை, இடமாக ஐந்து முறை ஓட்ட வேண்டும். ஒரே திசையில் மட்டும் ஓட்டினால், சக்கர விட்டத்தில் உள்ள பிழையும் இரண்டு சக்கரத்துக்கும் நடுவில் உள்ள தூரத்தின் பிழையும் ஒன்றையொன்று மறைத்து, எல்லாம் சரி என்று காட்டிவிடக்கூடும். வண்டு இரண்டு திசையிலும் தொடங்கிய இடத்துக்கு 11 செ.மீ. தள்ளி வந்து நின்றது.

"பக்கம் நேராத்தான் போகுது அத்தை. மூலையில கம்மியா திரும்புது" என்று அவன்தான் கண்டுபிடித்தான். நின்ற இடத்திலேயே பத்துச் சுற்று சுற்றச் சொன்னோம். கால் சுற்று குறைவாக நின்றது, 3600 பாகைக்குப் பதில் 3510. சக்கரங்களுக்கு நடுவே நான் ஸ்கேலில் அளந்து போட்டிருந்தது 138 மி.மீ. டயர் அகலமானது, தரையை எந்த இடத்தில் அழுத்துகிறது என்பது ஸ்கேலுக்குத் தெரியாது. 138ஐ 3600ஆல் பெருக்கி 3510ஆல் வகுத்தான், 141.5. அந்த எண்ணை அவனே டைப் செய்து ஏற்றினான். அடுத்த ஓட்டத்தில் வண்டு டேப்பின் மேலேயே வந்து நின்றது, 2 செ.மீ. தள்ளி. பழைய மஞ்சள் மோட்டார் இரண்டும் எங்கே என்று கேட்டு, டப்பாவோடு எடுத்துக்கொண்டு போயிருக்கிறான். கெப்பாசிட்டரும் ஜிப் டையும் அதிலேயே இருக்கின்றன.